குறுக்கே நிற்பது எது? தடைக்காதல் நாவல்களுக்கு ஓர் எளிய விளக்கம்

கைப்பேசியில் தொடர்கதை படிக்காத வீடு எங்கள் பக்கத்துத் தோட்டப்புற ஊர்களில் இப்போது குறைவு. சுங்கை சிப்புட்டிலிருந்து விடியற்காலையில் ஆலைக்கு ஆள் ஏற்றிப் போகும் வேனிலும், கிளினிக்கில் எண் கூப்பிடும்வரை உட்கார்ந்திருக்கும் நாற்காலிகளிலும், தமிழ்ப்பள்ளி வாசலில் பிள்ளைக்குக் காத்திருக்கும் நேரத்திலும் யாராவது ஓர் அத்தியாயத்தில் மூழ்கியிருப்பார்கள். என்ன கதை என்று கேட்டால் அடிக்கடி கிடைக்கும் பதில், 'தடைக்காதல்'.

அடுத்த கேள்வி கேட்டால்தான் சிக்கல். மாமியார் முகம் சுளிக்கும் கதையும் தடைக்காதல், இருவரும் கோபித்துக்கொண்டு நூறு பக்கம் பேசாமல் இருப்பதும் தடைக்காதல், நாயகன் முன்கோபக்காரனாக இருந்தால் அதுவும் தடைக்காதல். மறுபுறம், அந்தப் பெயரைக் கேட்டதுமே 'கண்ட கதையெல்லாம் படிக்காதே' என்று அதட்டும் பெரியவர்கள். அவர்கள் மனத்தில் அது ஆபாசத்துக்கு இன்னொரு பெயர். படிக்கிறவர்களும் படிக்காதவர்களும் சேர்ந்து ஒரு நல்ல கதைவகையை அடையாளம் தெரியாமல் ஆக்கிவிட்டார்கள். இந்த வகைக்குப் புதியவர்களுக்காக, அது எப்படி இயங்குகிறது என்பதை அடியிலிருந்து சொல்லிப் பார்க்கிறேன்.

தடங்கல் வேறு, தடை வேறு

முதலில் காதல் நாவல் என்றால் என்ன என்பதை வைத்துக்கொள்வோம். இருவரின் காதல்தான் கதையின் நடுத்தண்டாக இருக்க வேண்டும். முடிவு மனநிறைவும் நம்பிக்கையும் தருவதாக இருக்க வேண்டும். அமெரிக்கக் காதல் நாவலாசிரியர் சங்கம் நெடுங்காலமாகச் சொல்லிவந்த வரையறையும் இந்த இரண்டு நிபந்தனைகள்தாம். சமகாலக் காதல் நாவல் என்பது எழுதப்படும் காலத்திலேயே நடக்கும் கதை. ராஜா ராணி, போர்க்களம் எதுவும் கிடையாது. வீட்டுக் கடனும் வாட்ஸ்அப்பும் உண்டு.

இந்த வரையறைப்படி அம்பிகாபதி–அமராவதி கதை காதல் நாவல் வகையில் சேராது. கம்பன் மகன் சோழ இளவரசியை விரும்பியது தடைக்காதல்தான், ஐயமில்லை. காதல் வாடை இல்லாமல் நூறு பாடல் பாட வேண்டும் என்பது நிபந்தனை. காப்புச் செய்யுளையும் சேர்த்து எண்ணிவிட்ட அமராவதி நூறு முடிந்ததென்று தலைநீட்ட, அவளைக் கண்டு அவன் உருகிப் பாட, உயிர் போனது. கேட்டால் இன்றைக்கும் நெஞ்சு பதறுகிறது. ஆனால் அது துன்பியல். காதல் நாவல் வாசகர் கடைசிப் பக்கத்தில் பிணத்தை எதிர்பார்த்துப் புத்தகத்தைத் திறப்பதில்லை.

பமேலா ரீஜிஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர் 2003இல் வெளிவந்த தம் நூலில், காதல் நாவலுக்கு எட்டு உறுப்புகள் இன்றியமையாதவை என்றார்: காதலர் வாழும் சமூகம், சந்திப்பு, தடங்கல், ஈர்ப்பு, காதலைச் சொல்லுதல், சடங்கு மரணம், தெளிவு, மணவுறுதி. இந்த வரிசையில்தான் வர வேண்டும் என்பதில்லை. 'சடங்கு மரணம்' என்பதைக் கண்டு மிரள வேண்டாம், அதற்குப் பிறகு வருவோம். இப்போதைக்கு மூன்றாவது உறுப்பு மட்டும் போதும். தடங்கல் எல்லாக் காதல் நாவலிலும் உண்டு. தடங்கல் இல்லாவிட்டால் பத்தாம் பக்கத்தில் பத்திரிகை அடித்துப் பதினொன்றாம் பக்கத்தில் பந்தி போட்டுவிடலாம்.

குழப்பத்தின் வேர் இங்கேதான் இருக்கிறது. எல்லாத் தடங்கலையும் தடை என்று நினைத்துவிடுகிறோம். தடைக்கு மூன்று பொருள்கள் வேண்டும். இருவரும் சந்திப்பதற்கு முன்பே 'இவர்களுக்குள் கூடாது' என்ற விதி இருந்தாக வேண்டும். அந்த விதியைக் காத்து நிற்க ஆள் வேண்டும். மீறினால் கொடுத்தாக வேண்டிய விலை ஒன்று வேண்டும். இவற்றில் ஒன்று குறைந்தாலும் கதை வேறு வகை.

அவன் வேறொரு பெண்ணுடன் கோப்பிக் கடையில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தாள். அது அவனுடைய தங்கை என்று தெரியாமல் ஈப்போவுக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு போய்விட்டாள். இதை முந்நூறு பக்கம் இழுக்கிறவர்கள் இருக்கிறார்கள். ஒரே ஒரு தொலைபேசி அழைப்பில் தீரக்கூடிய எதுவும் தடை ஆகாது. அது வெறும் மனத்தாங்கல், நம் பொறுமைக்கு வைக்கும் சோதனை. அதேபோல் பெற்றோரின் எதிர்ப்பு எல்லாமும் தடை ஆகிவிடாது. மாப்பிள்ளைக்கு நிரந்தர வேலை கிடைத்ததும் கரைந்துவிடுவது எதிர்ப்பு. அவன் கோலாலம்பூரில் இரட்டைக் கோபுரத்தின் உச்சி மாடியிலேயே வேலை வாங்கினாலும் கரையாதது தடை.

இதுவரை சொன்னது: காதல் நாவலில் தடங்கல் எப்போதும் உண்டு. முன்பே இருக்கும் விதி, அதைக் காப்பவர், மீறலின் விலை ஆகிய மூன்றும் சேர்ந்த தடங்கலுக்கே தடை என்று பெயர்.

பால் வெட்டும் கையின் அளவு

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இதைச் சொல்ல ஒரு வழி இருக்கிறது. ரப்பர் மரத்தின் பால் பட்டையில் ஓடுகிறது. அதுவும் பட்டையின் உள்பக்கம், மரத்தை ஒட்டியிருக்கும் மெல்லிய அடுக்குக்குச் சற்று முன்னால்தான் பால் குழாய்கள் நெருக்கமாக இருக்கும். மேலாகச் சீவினால் பால் சொட்டி நின்றுவிடும். கத்தி அந்த மெல்லிய அடுக்கையும் தாண்டி மரத்தில் இறங்கினால் காயம். ஆறிய பிறகு அந்த இடத்தில் பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும், மறுபடி ஒழுங்காக வெட்ட முடியாது. ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் பட்டையை விட்டுவைத்து வெட்டுவதுதான் கைத்திறன். விடியுமுன், நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு, மரத்துக்கு மரம் ஓடிக்கொண்டே நம் பாட்டிமார் இதைச் செய்தார்கள்.

நாவலில் தடை என்பது அந்த வெட்டு. மேலோட்டமாக இருந்தால் உணர்ச்சி ஊறாது. வாசகர் 'இதற்கா இவ்வளவு?' என்று கேட்டுவிடுவார். அளவு மீறி ஆழப் போனால், உதாரணமாக ஒருவர் மற்றவரை அடக்கி அச்சுறுத்தி வைத்திருக்கும் உறவாக இருந்தால், காதல் என்ற மரமே காயப்பட்டுவிடும். அதன் பிறகு எழுத்தாளர் எத்தனை மழை நாள், எத்தனை மல்லிகைச் சரம் கொண்டுவந்தாலும் பயனில்லை. இந்த இரண்டுக்கும் நடுவே இருக்கும் ஆழத்தில் எழுதத் தெரிந்தவர்கள் குறைவு. அதனால்தான் தடைக்காதல் என்ற பெயரில் வரும் கதைகள் ஏராளமாக இருந்தும் மனத்தில் நிற்பவை சில.

இந்தக் காலத்தில் யார் தடுக்கிறார்கள்?

சமகால நாவலாசிரியருக்கு ஒரு தொல்லை உண்டு. பழைய தடைகள் பலவற்றுக்குச் சட்டத்தில் இப்போது இடமில்லை. மலேசியாவையே எடுத்துக்கொள்ளுங்கள். முஸ்லிம் அல்லாதவர்களின் திருமணத்தை 1976ஆம் ஆண்டின் திருமண, மணவிலக்குச் சீர்திருத்தச் சட்டம் ஆள்கிறது. அது 1982 மார்ச் 1 முதல் நடப்பில் இருக்கிறது. 21 வயது நிறைந்த ஆணும் பெண்ணும் மணக்க யாருடைய சம்மதமும் தேவையில்லை. அதற்குக் கீழ் என்றால்தான் பெற்றோர் தரப்பின் எழுத்துச் சம்மதம். பதிவு அலுவலகத்தில் அறிவிப்புக் கொடுக்க வேண்டும், அது அலுவலகத்தில் பார்வைக்கு ஒட்டப்படும், 21 நாள் கழித்துச் சான்றிதழ். ஆட்சேபம் உள்ளவர் சட்டக் காரணம் காட்டியாக வேண்டும். 'எங்கள் வீட்டுக் கௌரவம்' என்பது சட்டக் காரணம் ஆகாது.

ஆக, தோட்டத்துச் செம்மண் சாலையில் சைக்கிளில் அழைத்துக்கொண்டு ஓட வேண்டிய அவசியம் இன்று இல்லை. கைப்பேசியில் கிராப் வாடகை வண்டி பிடித்துப் பதிவு அலுவலகத்துக்குப் போய்விடலாம். அப்படியானால் இருபத்தெட்டு வயது ஆசிரியையும் முப்பது வயது ஆலைத் தொழில்நுட்பரும் ஏன் ஆண்டுக்கணக்கில் தவிக்கிறார்கள்?

இங்கே இரண்டு சொற்கள் தேவைப்படுகின்றன. காதலருக்கு வெளியே இருக்கும் விதி புறத்தடை: சட்டம், சமயம், சாதி, குடும்பப் பகை, வேலையிடத்து ஒழுங்கு. அந்த விதியைக் காதலரே மனத்துக்குள் சுமப்பது அகத்தடை: 'அம்மா இத்தனை பாடுபட்டு வளர்த்தாரே', 'நாளைக்குத் தங்கைக்கு யார் பெண் கேட்டு வருவார்கள்', 'அவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறதோ'. சமகாலத் தடைக்காதல் நாவலின் எஞ்சின் இந்த இரண்டாவதில்தான் இருக்கிறது. புறத்தடை கதையைத் தொடங்கிவைக்கிறது. இழுத்துப் போவது அகத்தடை. பதிவு அலுவலகம் தடுக்காததைச் சாப்பாட்டு மேசையில் அம்மா பேசாமல் குழம்பு ஊற்றுவது தடுத்துவிடும்.

புறத்தடை முழுவதும் மறைந்துவிட்டது என்றும் எண்ண வேண்டாம். மேற்சொன்ன சட்டம் முஸ்லிம்களுக்குப் பொருந்தாது. முஸ்லிம் ஒருவரை மணக்க விரும்பும் பிற சமயத்தவர் இஸ்லாத்தைத் தழுவுவதே இங்குள்ள நடைமுறை. ஆகவே அந்தக் கோட்டைத் தாண்டும் காதலில் ஊர் வாய் மட்டுமல்லாமல் சட்டமும் குறுக்கே நிற்கிறது. விலை வாழ்நாள் முழுவதற்குமானது. அதை எழுத நிதானமும் இரு வீட்டார் மீதும் மரியாதையும் வேண்டும். இல்லாதவர்கள் தொடாமல் இருப்பதே நல்லது.

சாதியைப் பற்றி இங்கே யாரும் உரக்கப் பேசுவதில்லை. லயம் எனும் தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில் ஒரே குழாயடி, காலையில் பெயர் கூப்பிடும் ஒரே பெரட்டு, ஒரே கோயில். 'எங்களுக்கு அதெல்லாம் கிடையாது' என்பார்கள், பெரும்பாலும் உண்மையாகவே நம்பிச் சொல்வார்கள். ஜாதகக் கட்டு வெளியே வரும் நாளில் மட்டும் ஒரு சித்தப்பா மெதுவாகக் கேட்பார், 'அவங்க எந்த ஆளுங்க?' வெளிப்படையாக இல்லாத விதி நாவலுக்கு மிகவும் உதவும். அதை மீறும்வரை அது இருப்பதே காதலருக்குத் தெரியாது.

முறை மாறினால் தடையும் மாறும்

ஆங்கிலத்தில் எழுதப்படும் காதல் நாவல்களில் இப்போது மாற்றாந்தாய் வழிச் சகோதர உறவு, அண்ணனின் நெருங்கிய நண்பன், மேலதிகாரி, பேராசிரியர் என்று தடைகள் வரும். நம் வாசகர் சிலர் இவற்றைப் படித்துவிட்டு, 'அண்ணனின் நண்பனைக் கட்டிக்கொள்வதில் என்ன தடை? வீட்டுக்குத் தெரிந்த பையன்தானே' என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. தடை ஊருக்கு ஊர் மாறும். ஒரு சமூகத்தின் முறை தெரியாமல் அதன் தடை உறைக்காது.

நமக்கு அத்தை மகன் முறைமாப்பிள்ளை, சித்தப்பா மகன் அண்ணன். வெளியாருக்கு இருவரும் ஒரே வகை உறவினர். இந்த வேறுபாட்டை மலேசியச் சட்டமே ஓரளவு ஏற்றிருக்கிறது. மேலே சொன்ன 1976ஆம் ஆண்டுச் சட்டத்தின் 11ஆம் பிரிவு, உடன்பிறந்தவரின் பிள்ளையை மணப்பதை எல்லாருக்கும் விலக்கிவிட்டு, இந்து சட்டப்படியோ வழக்கப்படியோ தாய்மாமன் அக்காள் மகளை மணப்பதை மட்டும் விலக்கவில்லை. ஒரே கூரையின் கீழ், ஒரே நாட்டின் சட்டத்தில், ஒருவருக்குக் குற்றம் மற்றவருக்குச் சீர்வரிசை. மருத்துவர்கள் என்ன சொல்வார்கள் என்பது வேறு கதை.

ஆகவே தோட்டப்புறத்தில் ஒரு தடைக்காதல் நாவல் எழுத வருகிறவர் வெளிநாட்டுத் தடையை இறக்குமதி செய்ய வேண்டியதில்லை. 'பங்காளி முறை' என்ற ஒரு சொல் போதும். இருவரும் விரும்பிய பிறகு, பாட்டி விரல் மடித்து எண்ணிப் பார்த்து, 'அவன் உனக்கு அண்ணன் முறை ஆகிறதே' என்றால், இரத்த உறவே இல்லாவிட்டாலும் வீடு உறைந்துவிடும்.

சுருக்கமாக: தடை வெளியிலும் இருக்கும், உள்ளேயும் இருக்கும். இன்றைய கதைகளில் உள்ளே இருப்பதே கனமானது. எது தடை என்பதை அந்தந்த ஊரின் முறை முடிவு செய்கிறது.

ஒரு கதையைப் பிரித்துப் பார்ப்போம்

இது நானே கற்பனை செய்த கதை. ஒரு தோட்டம் வீடமைப்புக்கு விற்கப்பட்டது. தொழிலாளர் தரப்பில் பேச்சு நடத்தியவர் நாயகியின் அப்பா. அவர் கையெழுத்துப் போட்டார், லயங்கள் இடிபட்டன, குடும்பங்கள் கொஞ்சம் இழப்பீட்டோடு சிதறின. அவருக்கு மட்டும் மூலை வீடு கிடைத்தது. நாயகனின் தாத்தா கடைசிவரை லயத்தைவிட்டு நகர மறுத்தவர். இறங்கிய ஆண்டே இறந்துபோனார். இருபது ஆண்டுகள் கழித்து அந்த இடத்தில் எஞ்சியிருப்பது தோட்டத்து மாரியம்மன் கோயில் ஒன்றுதான், சுற்றிலும் இணைவீடுகள். திருவிழாவில் முதல் நாள் உபயம் ஒரு வீட்டுக்கு, மூன்றாம் நாள் உபயம் மற்றொரு வீட்டுக்கு. ஒருவர் உபயத்தன்று மற்றவர் கோயில் படி ஏறுவதில்லை. பிள்ளைகளுக்குக் காரணம் சொல்லித் தரவில்லை. நாள் மட்டும் சொல்லித் தந்திருக்கிறார்கள்.

அவன் வீட்டு உபயமான மூன்றாம் நாள், நாள் கணக்குத் தவறி அவள் வந்துவிடுகிறாள். பிரசாதத் தூக்கு அவன் கையில் இருக்கிறது.

மூன்று பொருள்களும் இருக்கின்றன. விதி: அந்த வீட்டோடு கொடுக்கல் வாங்கல் கூடாது. காப்பவர்: அவனுடைய பாட்டி. விலை: மணந்தால் அவன் பாட்டியின் பார்வையில் தாத்தாவை இரண்டாம் முறை கொன்றவன், அவளோ அப்பாவின் பழியை வாழ்நாள் முழுவதும் மருமகளாகச் சுமக்க வேண்டியவள். அகத்தடையும் இருக்கிறது, ஏனென்றால் அவளுக்கே அப்பா செய்தது சரியா என்ற கேள்வி இருக்கிறது. அப்பாவை நேசிக்கும் பெண்ணுக்கு அதைவிடப் பெரிய சுவர் வேறில்லை.

இதற்கு நம்மிடம் இலக்கணமே உண்டு

மறைவான காதலின் படிகளுக்குத் தமிழில் பெயர் தேடி அலைய வேண்டாம். தொல்காப்பியப் பொருளதிகாரத்தில் களவியல், கற்பியல் என்று இரண்டு இயல்களே இருக்கின்றன. ஊரறியாமல் காதலிக்கும் காலம் களவு. மணந்து வாழும் காலம் கற்பு. களவு குற்றமாகச் சொல்லப்படவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். அது கற்பை நோக்கிப் போகும் பாதையாகவே வருகிறது. தடைக்காதல் படித்தால் பிள்ளை கெட்டுவிடும் என்று அஞ்சும் பெரியவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

களவு கசிந்ததும் ஊர் பேசுவது அலர். நம் கதையில் அலர் முன்பு குழாயடியில் பிறந்திருக்கும், இப்போது கோயில் நிர்வாகத்தின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு புகைப்படத்தோடு பிறக்கும். பதிவு அலுவலகத்தில் 21 நாள் ஒட்டியிருக்கும் அறிவிப்பை அரசாங்க முத்திரையோடு வரும் அலர் என்றுகூடச் சொல்லலாம். சொந்தக்காரர் ஒருவர் வேறு வேலையாக அங்கே போனால் போதும். அலருக்குப் பிறகு பெண்ணை வீட்டுக்குள் காவல் வைப்பது இற்செறிப்பு. சம்பாதிக்கும் பெண்ணை இன்று பூட்டிவைக்க முடியாது. ஆகவே வேறு வடிவம் எடுக்கும்: அண்ணன் தினமும் பள்ளிக்கு ஏற்றிப் போய் இறக்கிவிடுவான், அம்மாவுக்குத் திடீரென்று இரத்த அழுத்தம் ஏறும், விடுமுறைக்குக் கிள்ளானில் பெரியம்மா வீடு. யாரும் எதையும் தடுத்ததாகச் சொல்ல முடியாது.

எனக்கு மிகப் பிடித்தது அடுத்த படி, அறத்தொடு நிற்றல். காதலை முறைப்படி வீட்டுக்கு வெளிப்படுத்துவதற்கு அந்தப் பெயர். தலைவி தோழியிடம் சொல்வாள், தோழி செவிலித்தாயிடம், செவிலி பெற்ற தாயிடம், தாய் தந்தையிடமும் அண்ணன்மாரிடமும். செய்தி நேராகப் போவதில்லை. ஒவ்வொரு கையிலும் கொஞ்சம் சூடு தணிந்து அடுத்த கைக்குப் போகிறது. நம் கதையிலும் அவள் அப்பாவிடம் போய் நிற்கமாட்டாள். உடன் வேலைசெய்யும் ஆசிரியை, பிறகு சித்தி, பிறகு இட்லிக்கு மாவு கரைத்துக்கொண்டிருக்கும் அம்மா, இரண்டு நாள் கழித்து அப்பா. தோட்டப்புற வீட்டில் வளர்ந்த எவரும் இந்தப் பாதையை அறிவார்கள். நாயகி நடுக்கூடத்தில் நின்று நீளமாக வசனம் பேசும் நாவல்கள் எனக்குச் செயற்கையாகப் படுவதற்கு இதுவே காரணம்.

எதுவும் பலிக்காவிட்டால் உடன்போக்கு. அவனோடு ஊரைவிட்டுப் போய்விடுவது. சங்கப் பாடல்கள் போனவர்களோடு நின்றுவிடவில்லை. போன பெண்ணைத் தேடிச் சுரவழியில் நடக்கும் செவிலித்தாய் வருகிறாள், வீட்டில் மகளின் விளையாட்டுப் பொருளைப் பார்த்து அழும் தாய் வருகிறாள். விதியைக் காத்தவர்களுக்கும் அழ இடம் கொடுத்தார்கள். இன்றைய தொடர்கதைகளில் இது இல்லை. நாயகியின் அம்மா ஒன்று வில்லி, இல்லையென்றால் சமையலறைத் தளவாடம். மகள் போன மறுநாள் அவள் எழுந்து என்ன செய்தாள் என்று ஓர் அத்தியாயம் எழுதினால், தடையின் விலை என்ன என்பது தானாக விளங்கிவிடும்.

சடங்கு மரணம்

ரீஜிஸ் சொன்ன உறுப்புகளில் இது ஆறாவது. இனி இவர்கள் சேரவே முடியாது என்று வாசகருக்கும் தோன்றிவிடும் இடத்துக்கு இந்தப் பெயர். உண்மையில் யாரும் சாக வேண்டியதில்லை. நம்பிக்கை சாகிறது, அவ்வளவுதான். சடங்கு என்று சொல்லக் காரணம், மீண்டு எழுவார்கள் என்பது வகையின் ஒப்பந்தத்திலேயே இருப்பது.

தடைக்காதலில் இந்த இடத்துக்கு ஒரு தனி விதி உண்டு என்பது என் கருத்து. பிரிவைக் காப்பவர் கொண்டுவரக் கூடாது; காதலரில் ஒருவரே மனமறிந்து கொண்டுவர வேண்டும். பாட்டி திட்டிப் பிரிந்தால் அது புறத்தடை, சாதாரணம். பாட்டி எதுவும் சொல்லாமல் தாத்தாவின் பழைய பால் கத்தியை எடுத்துத் துடைத்து வைப்பதைப் பார்த்து, அவனே அவளுக்குத் தொலைபேசி எடுத்து 'வேண்டாம்' என்று சொன்னால் அகத்தடை முழு எடையோடு இறங்குகிறது. இனி அதைத் தூக்க வெளியாள் யாராலும் முடியாது. அவனேதான் தூக்க வேண்டும்.

எந்த ஆழம் அதிகம்?

எல்லாத் தடையும் உடைக்கத்தக்கது என்று இந்த வகை சொல்வதாகச் சிலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. சில விதிகள் ஒருவரைக் காப்பதற்காக இருப்பவை. வயது வராத பிள்ளை, ஆசிரியரின் கையிலுள்ள மாணவி, மறுத்தால் வேலை போய்விடும் என்ற பயத்தில் இருக்கும் ஊழியர் ஆகியோரைச் சூழ்ந்திருக்கும் வேலி அந்த வகை. பாலியல் தொல்லைக்கு எதிராக மலேசியாவில் 2022இல் தனிச்சட்டமே வந்திருக்கிறது. மேலாளர்–ஊழியர் காதலை எழுதக் கூடாது என்பதில்லை. ஆனால் அவளால் அச்சமின்றி 'இல்லை' என்று சொல்ல முடியும் என்பதை எழுத்தாளர் முதலில் நிறுவ வேண்டும். நல்ல நாவல்களில் அதிகாரத்தில் இருப்பவரே முதலில் அந்த நாற்காலியைவிட்டு எழுந்திருப்பார்.

இதையும் பழையவர்கள் கோடு போட்டு வைத்திருக்கிறார்கள். இருவர் மனமும் ஒத்தது அன்பின் ஐந்திணை. ஒருதலையானது கைக்கிளை. பொருந்தாத காமமும் வலிந்து கொள்வதும் பெருந்திணை. கடத்திக்கொண்டுபோய்த் தாலி கட்டும் நாயகனை 'ஆன்டி ஹீரோ' என்று செல்லமாக அழைத்தாலும் அவன் இருக்க வேண்டிய அறை பெருந்திணைதான். அந்தக் கதைகளுக்கு இன்று வாசகர் கூட்டம் பெரிது என்பது தெரியும். தடைக்காதல் என்ற பலகையை மட்டும் அவற்றின் வாசலில் மாட்ட வேண்டாம். அங்கே இருவரையும் பிரித்து நிற்கும் விதி எதுவும் இல்லை, ஒருவரின் மறுப்பை மற்றவர் மிதிப்பதுதான் இருக்கிறது.

சுபமுடிவு எப்படி வர வேண்டும்?

புதிய வாசகர் ஒரு நாவலை எடைபோடச் சிறந்த இடம் கடைசி நாற்பது பக்கங்கள். முடிவு சுபம் என்பது முன்பே தெரியும். விலை கொடுக்கப்பட்டதா என்பதை மட்டும் பாருங்கள்.

கொடுக்காமல் தப்பிக்கும் வழிகள் சில இருக்கின்றன. ஒன்று மாரடைப்பு. தடுத்துக்கொண்டிருந்த பெரியவர் திடீரென்று நெஞ்சைப் பிடிப்பார், நாயகன் மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவான், இரத்தம் கொடுப்பான், அவர் கண் விழித்ததும் கைகளைச் சேர்த்துவைப்பார். பெரியவர் மனம் மாறவில்லை, பயந்துவிட்டார். இன்னொன்று இன்னும் மோசம்: நம் கதையில் நாயகியின் அப்பா உண்மையில் நிரபராதி, கையெழுத்தைப் போலியாகப் போட்டது வேறு யாரோ என்று கடைசியில் கண்டுபிடிப்பது. வாசகர் கண்ணீர் விடுவார். ஆனால் அதுவரை இருந்த தடை அந்த நொடியில் வெறும் மனத்தாங்கலாகச் சுருங்கிவிடும். முந்நூறு பக்கம் முன்பே ஒரு தொலைபேசி அழைப்பில் தீர்ந்திருக்க வேண்டியது என்று ஆகிவிடும்.

அப்பா கையெழுத்துப் போட்டார், மூலை வீட்டை வாங்கிக்கொண்டார், அது உண்மையாகவே இருக்கட்டும். அவர் அதை வாய்விட்டுச் சொல்லட்டும், அவன் பாட்டியின் முகத்துக்கு நேராக. பாட்டி மன்னிக்கக்கூட வேண்டாம். 'உன் பெண் வரலாம், நீ என் வாசலுக்கு வராதே' என்று சொன்னாலும் போதும். விதி பாதி உடைகிறது, விலை முழுதாகக் கொடுபடுகிறது, காதலர் சேர்கிறார்கள். காதல் நாவலின் ஒப்பந்தமும் காப்பாற்றப்படுகிறது.

மலேசியத் தமிழ் எழுத்தாளர்களுக்கு மற்றவர்களுக்குக் கிடைக்காத ஓர் இடமும் இங்கே இருக்கிறது. நம்மில் பலர் பதிவுத் திருமணத்தை முதலில் முடித்துவிட்டு, மண்டபமும் நாளும் பணமும் கூடிவந்த பிறகு கோயிலில் தாலி கட்டுகிறார்கள். இடையில் மாதக்கணக்கில் அவரவர் வீட்டில் இருப்பவர்கள் உண்டு. சட்டத்தின் கணக்கில் கணவன் மனைவி, வீட்டின் கணக்கில் இன்னும் வாசலில் பேசிவிட்டு ஏழு மணிக்குள் அனுப்பிவைக்க வேண்டிய பையன். அந்த இடைவெளிக்குள் வைத்து ஒரு முழுத் தடைக்காதல் நாவல் எழுதலாம். எழுத நினைப்பவர்கள் பாட்டியிலிருந்து தொடங்குங்கள். காதலரை இரண்டாம் அத்தியாயத்தில் அறிமுகப்படுத்தினால் போதும்.